மூட் வந்தால் நடப்பதா... நடந்தால் மூட் வருமா?

காலை ஐந்தரை மணி. தலைமாட்டில் அலாரம் அடிக்கிறது. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அதை நிறுத்துகிறது.

“என்ன, இன்னிக்கும் போகலையா?” என்கிறார் கணவர்.

“மூட் இல்லங்க. நாளைக்குப் பார்த்துக்கலாம்.”

நேற்றும் இதே பதில்தான். போன வாரமும் இதேதான்.

ஸ்ரீரங்கத்தில் இப்படி ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டு அம்மாவுக்கு வயது 49. தனியார் பள்ளி ஒன்றில் அலுவலக வேலை. ஆறு மாதங்களுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில், மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு 6.2 என்று வந்தது. “சுகர் இன்னும் வரலை. ஆனா வாசல்ல வந்து நிக்குது. தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா” என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

அன்று மாலையே ஷூ வாங்கியாகிவிட்டது. இரண்டு மாதம் சித்திரை வீதியைச் சுற்றி ஒழுங்காக நடந்தார். பிறகு ஒருநாள் நின்றது. நின்றது நின்றதுதான். இப்போது அந்த ஷூ, செருப்பு ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடக்கிறது.

கணவரைக் கேட்டால் ‘சோம்பேறித்தனம்’ என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள், உற்சாகம் ஊட்டும் வீடியோக்களாகப் பார்த்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். அவரோ, “எனக்கு மனஉறுதி பத்தாது” என்று தன்னையே நொந்துகொள்கிறார்.

மூன்று பேர் சொல்வதும் சரியில்லை. அவர் முதலில் சொன்ன சாதாரண பதிலில்தான் உண்மை இருக்கிறது. மூட் இல்லை. அந்த ஒரு சொல்லை யாரும் நின்று விசாரிக்கவில்லை, அவ்வளவுதான்.

பாதிப் பேருக்கு இதே கதை

உடலை அசைக்காமல் இருப்பது ஒரு வீட்டுப் பிரச்னை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்டியாப் ஆய்வின் முதல் கட்ட முடிவுகள் 2014-ல் வெளியாயின. தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் எடுத்த கணக்கு அது. அதில் 54 சதவீதம் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட கணக்கும் ஏறக்குறைய அதையே சொன்னது. இந்தியப் பெரியவர்களில் பாதிப் பேருக்கு உடலுழைப்பு போதவில்லை. ஆண்களைவிடப் பெண்களிடம் இந்தக் குறை அதிகம்.

நேரமில்லை, நடக்க நல்ல தெருவில்லை, நாய்த் தொல்லை, வீட்டுவேலை என்று காரணங்கள் பல உண்டு. எல்லாமே நியாயமானவை. ஆனால் நேரமும் இருந்து, தெருவும் இருந்து, ஷூவும் இருந்து கால் மட்டும் வாசலைத் தாண்டாத நாட்கள் இருக்கின்றனவே, அந்த நாட்களுக்குக் காரணம் பெரும்பாலும் மனநிலைதான்.

மனம் சோர்ந்திருக்கும்போது இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. ஒன்று, வேலை பெரிதாகத் தெரிகிறது. அரை மணி நடை என்பது அரை நாள் உழைப்பு போல மலைப்பு தருகிறது. இரண்டு, பலன் சிறிதாகத் தெரிகிறது. ‘நடந்து என்ன ஆகப்போகிறது?’ என்று தோன்றுகிறது. செலவு அதிகம், வரவு குறைவு என்று மனம் கணக்குப் போட்டால், எந்த வியாபாரியும் கடையைத் திறக்கமாட்டார். உடம்பும் அப்படித்தான் படுத்துக்கொள்கிறது. இதைச் சோம்பல் என்று திட்டினால் குற்ற உணர்வு சேர்ந்து, சோர்வு இன்னும் கூடுமே தவிர, கால் நகராது.

மனம் போடும் தப்புக் கணக்கு

இந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடற்பயிற்சி செய்யப்போகிறவர்களிடம், ‘இது உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று முன்கூட்டியே கேட்டார்கள். முடித்து வந்ததும், ‘உண்மையில் எவ்வளவு பிடித்திருந்தது?’ என்று கேட்டார்கள். யோகா, எடை தூக்கும் பயிற்சி என்று எதை எடுத்தாலும் முடிவு ஒன்றுதான். நினைத்ததைவிட உண்மையில் அதிகமாகவே பிடித்திருந்தது.

ஏன் இந்த வித்தியாசம்? பயிற்சியைப் பற்றி யோசிக்கும்போது மனம் அதன் தொடக்கத்தையே பெரிதாகப் பார்க்கிறது. படுக்கையை விட்டு எழுவது, உடை மாற்றுவது, முதல் சில நிமிடங்களின் மூச்சுவாங்கல். நடுவிலும் கடைசியிலும் வரும் இதம் அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. புளியோதரையை வாயில் வைப்பதற்கு முன்பே, புளி கரைக்கும் வேலையை நினைத்து அலுத்துக்கொள்வது போல.

தொடக்கம் சிரமமாக இருப்பதற்கு உடலிலேயே காரணம் உண்டு. நடக்க ஆரம்பித்தவுடன் தசைகள் கூடுதல் ஆக்சிஜன் கேட்கின்றன. இதயமும் நுரையீரலும் அந்தத் தேவைக்கு ஈடுகொடுத்து ஒரு சீருக்கு வரச் சில நிமிடங்கள் ஆகின்றன. அந்த இடைவெளியில்தான் ‘திரும்பிப் போய்விடலாமா?’ என்று தோன்றும். அதைத் தாண்டிவிட்டால் மூச்சு சீராகிறது, கை கால் இளகுகிறது, கண் தெருவை வேடிக்கை பார்க்க ஆரம்பிக்கிறது.

பயிற்சிக்குப் பின் வரும் நிம்மதிக்கு ‘எண்டார்பின்’தான் காரணம் என்று வெகுகாலம் சொல்லப்பட்டது. ஜெர்மனியின் ஹாம்பர்க் மருத்துவ ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட பரிசோதனை வேறு பக்கம் கைகாட்டியது. எண்டார்பின் வேலை செய்யாதபடி மருந்து கொடுத்த பிறகும், ஓடி முடித்தவர்களுக்கு மகிழ்ச்சி வந்தது, பதற்றம் குறைந்தது. உடலே சுரக்கும் ‘எண்டோகன்னாபினாய்டு’ என்ற வேதிப்பொருட்களுக்கு இதில் பெரிய பங்கு இருக்கலாம் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான். அந்த நிம்மதி படுக்கையில் கிடைக்காது, அசைந்த பிறகே கிடைக்கும்.

முதலில் கால்... பிறகுதான் மனம்

‘மனம் சரியானதும் நடக்கப் போகலாம்’ என்பது பலரின் எண்ணம். மனநல மருத்துவத்தில் இதைத் தலைகீழாகத் திருப்பிப்போட்ட ஒரு சிகிச்சை முறை உண்டு. ‘செயல்வழி ஊக்கம்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970-களில் இதற்கு அடித்தளம் போட்டார். அவர் சொன்னது எளிமையான ஒரு சுழற்சி. மனம் சோர்ந்தால் ஆள் ஒதுங்குகிறார். ஒதுங்கினால் மகிழ்ச்சி தரும் அனுபவங்கள் குறைகின்றன. அவை குறைந்தால் மனம் இன்னும் சோர்கிறது.

இந்தச் சுழலை எங்காவது அறுக்க வேண்டும். ‘சந்தோஷமாக இரு’ என்று மனதுக்குக் கட்டளை போட முடியாது. ஆனால் ‘எழுந்து வாசல்வரை போ’ என்று காலுக்குச் சொல்ல முடியும். அதனால் கால் பக்கமிருந்து ஆரம்பிக்கிறது இந்தச் சிகிச்சை. சின்னச் சின்ன செயல்களை நாள், நேரம் குறித்து, மனநிலை எப்படி இருந்தாலும் செய்து பார்க்க வைக்கிறார்கள். இங்கிலாந்தில் மனச்சோர்வு நோய் இருந்த 440 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. எண்ணங்களைச் சீர்செய்யும் நீண்ட பேச்சு சிகிச்சைக்கு இந்த எளிய முறை பலனில் குறைந்ததல்ல என்று அது காட்டியது.

உடற்பயிற்சியை மட்டும் எடுத்துப் பார்த்த ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1999-ல் வெளியான அந்த ஆய்வில், மனச்சோர்வு நோய் இருந்த 156 பேர் பங்கேற்றார்கள். எல்லோரும் 50 வயதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரை, ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, ஒரு பிரிவுக்கு இரண்டும். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பலன் முதலில் தெரிந்தது. ஆனால் 16 வாரம் முடிந்தபோது மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. அது ஆபத்து. அந்த ஆய்வில் பயிற்சி செய்தவர்களும் மருத்துவர் கண்காணிப்பில்தான் இருந்தார்கள்.

எவ்வளவு நடந்தால் போதும் என்ற கேள்விக்கும் ஆறுதலான பதில் இருக்கிறது. ஒரு லட்சத்து 90 ஆயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் தகவல்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2022-ல் வெளியானது. பரிந்துரைக்கப்படும் அளவில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு, எதுவுமே செய்யாதவர்களைவிட மனச்சோர்வு நோய் வரும் அபாயம் 25 சதவீதம் குறைவாக இருந்தது. அதில் பாதியளவே செய்தவர்களுக்குக்கூட 18 சதவீதம் குறைவு. முழுதாகச் செய்ய முடியாவிட்டாலும், பாதிக்கே பெரும்பங்கு பலன்.

உலக சுகாதார நிறுவனமும் இறங்கி வந்திருக்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்பது அதன் பரிந்துரை. முன்பு ‘ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு’ என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2020-ல் வந்த வழிகாட்டுதலில் அதை எடுத்துவிட்டார்கள். மாடிப்படி ஏறுவதும், காய்கறிக் கடைக்கு நடப்பதும் கணக்கில் சேரும்.

“வேகமா வா!”

ஸ்ரீரங்கத்து அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரின் கட்டாயத்துக்காகக் கிளம்பினார். கணவர் இருபதடி முன்னால் போய்க்கொண்டே இருந்தார்.

“வேகமா வா. இப்படி நடந்தா சுகர் குறையாது.”

“முடியலங்க. மூச்சு வாங்குது.”

“நடக்கலைன்னா இப்படித்தான் மூச்சு வாங்கும்.”

வீடு திரும்பியதும் அவர் ஷூவைக் கழற்றி ஸ்டாண்டுக்கு அடியில் தள்ளினார். மறுநாள் கிளம்பவில்லை.

கணவர் சொன்னதில் உள்நோக்கம் இல்லை, அக்கறைதான். ஆனால் அது எதிர்மாறாக வேலை செய்தது. உடலின் சக்திக்கு மீறிய வேகத்தில், மூச்சு திணறத் தொடங்கும்போதே மனமும் கசக்கத் தொடங்குகிறது. இந்தத் துறையில் நீண்டகாலமாக ஆராய்ந்துவரும் பான்டெலெய்மோன் எக்கெகாகிஸ் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். பயிற்சியின் நடுவே ஒருவருக்கு எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தே அவர் மறுபடி வருவாரா என்பது அமையும். உட்கார்ந்தே பழகிய சிலரிடம் 2008-ல் நடந்த ஒரு சிறிய ஆய்விலும் இதுதான் தெரிந்தது. முதல் மிதமான பயிற்சியின்போது நன்றாக உணர்ந்தவர்கள், ஆறு மாதம் கழித்தும் ஒரு வருடம் கழித்தும் அதிகம் உடற்பயிற்சி செய்பவர்களாக இருந்தார்கள்.

மிதமான வேகம் எது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். பேசவே திணறினால் குறைத்துக்கொள்ளலாம். மனம் சோர்ந்த நாளில் பாடிக்கொண்டு போகும் வேகத்தில் நடந்தாலும் தவறில்லை.

கோபம் விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. ‘கோபம் வந்தா நல்லா ஓடித் தீர்த்துடணும்’ என்று சிலர் சொல்வார்கள். 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களிடம் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் ஒரு பகுதி 2016-ல் வெளியானது. கடும் கோபத்தில் இருக்கும்போது கடுமையாக உடலை வருத்துவது, அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்புக்கான அபாயத்தை அதிகப்படுத்துகிறது என்றது அது. கோபத்தைத் தணிக்க நடை நல்லது. மூச்சிரைக்கும் ஓட்டமும், கனமான எடை தூக்குவதும் அந்த நேரத்துக்கு வேண்டாம்.

அந்த ஐந்தரை மணி

அம்மா ஏன் நிறுத்தினார் என்று ஒருநாள் மகள்தான் கேட்டாள். திட்டவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சும்மா கேட்டாள்.

“முதல்ல ரெண்டு மாசம் நல்லாத்தானே போனே. எப்பம்மா விட்டே?”

“ஆத்தா போனப்புறம்தான்.”

அவள் அம்மாவின் அம்மா நான்கு மாதங்களுக்கு முன் லால்குடியில் காலமானார். துக்கம் முடிந்து எல்லோரும் வழக்கத்துக்குத் திரும்பிவிட்டதாகத்தான் வீடு நினைத்துக்கொண்டிருந்தது.

“காலைல நடக்கும்போதுதான் டெய்லி ஆத்தாவுக்குப் போன் பண்ணுவேன். அவங்க அந்நேரம் வாசல் தெளிச்சிட்டு உக்காந்திருப்பாங்க. பேசிக்கிட்டே ஒரு சுத்து முடிஞ்சிடும். இப்ப அந்த நேரத்துக்கு முழிப்பு வந்தாலே நெஞ்சு அடைக்குது.”

மகளிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் சேர்ந்து கீரை ஆய்ந்தாள்.

‘மூட் இல்லை’ என்பதற்குள் இப்படி ஒரு காரணம் பல வீடுகளில் ஒளிந்திருக்கிறது. துக்கம், அலுவலக அவமானம், மகனின் வேலையைப் பற்றிய கவலை, மாதவிடாய் நிற்கும் காலத்தின் உடல் மாற்றம், கெட்டுப்போன தூக்கம். காரணம் தெரியாதவரை எந்த உற்சாக வீடியோவும் உதவாது. தெரிந்துவிட்டால், பல நேரங்களில் ஒரு சின்ன மாற்றமே போதும்.

“சரி, காலைல வேண்டாம். சாயந்திரம் நான் காலேஜ்ல இருந்து வந்ததும் போலாம்” என்றாள் மகள்.

“சாயந்திரம் சமையல்...”

“உத்திர வீதி முனை வரைக்கும்தான். பூ வாங்கிட்டுத் திரும்பிடலாம். அதுக்கு மேல நடக்கச் சொல்ல மாட்டேன்.”

மனதை நம்ப வேண்டாம், ஏற்பாட்டை நம்பலாம்

மகள் அறியாமலே செய்தது, ஆய்வுகள் ஒத்துக்கொள்ளும் காரியம். நேரத்தை மாற்றினாள். அளவைக் குறைத்தாள். பூ வாங்குவது என்ற ஒரு சின்ன நோக்கத்தைச் சேர்த்தாள். துணைக்குத் தானே வந்தாள். மனநிலை மாறும்வரை காத்திருக்காமல், மனநிலை குறுக்கிட முடியாதபடி ஓர் ஏற்பாடு செய்தாள்.

எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதன் பலம் 2002-ல் இங்கிலாந்து மாணவர்கள் 248 பேரிடம் நடந்த ஆய்வில் தெரிந்தது. உடற்பயிற்சியின் நன்மைகளை மட்டும் படித்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோரே அந்த வாரம் பயிற்சி செய்தார்கள். நாளும் நேரமும் இடமும் குறித்துவைத்தவர்களில் 10-ல் 9 பேர் செய்தார்கள். அறிவுரை செய்யாததை ஒரு துண்டுச் சீட்டு செய்துவிட்டது.

பிடித்த ஒன்றோடு சேர்த்து முடிச்சுப் போடுவது இன்னொரு வழி. அமெரிக்கப் பேராசிரியை கேட்டி மில்க்மேன் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், விறுவிறுப்பான ஒலிப்புத்தகங்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்க முடியும்படி செய்தார்கள். கதை என்ன ஆனது என்று தெரிந்துகொள்வதற்காகவே ஆட்கள் வந்தார்கள். ஆனால் நடுவில் நீண்ட விடுமுறை வந்ததும் அந்தப் பழக்கம் தளர்ந்தது. இதிலிருந்து இரண்டு பாடங்கள். பிடித்த பாட்டையோ தொடர்கதையையோ நடக்கும்போது மட்டும் கேட்பது என்று வைத்துக்கொள்ளலாம். பொங்கல், தீபாவளி விடுமுறைக்குப் பிறகு மறுபடி தொடங்கும் நாளையும் முன்பே குறித்துவைக்க வேண்டும்.

இடமும் துணையும் எவ்வளவு உதவும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. சர்க்கரை நோய் மருத்துவர் வி.மோகன் குழுவினர் சென்னையில் ஒரு குடியிருப்பில் ஆய்வு செய்து, உடற்பயிற்சியின் தேவையை விளக்கினார்கள். அங்கு வசித்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து ஒரு பூங்கா அமைத்தார்கள். தொடக்கத்தில் வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் சுமார் 14 சதவீதம்தான். சில வருடங்களில் அது 59 சதவீதத்தை நெருங்கியது. அந்தக் குடியிருப்புவாசிகளின் மனஉறுதி திடீரென்று நான்கு மடங்கு பெருகிவிடவில்லை. வாசலுக்கு வெளியே நடக்க இடமும், பேச ஆளும் வந்தன.

அரை மணி நடைக்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா என்றால், வேண்டும். டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர் அதில் இருந்தார்கள். நடையையும் உணவுக் கட்டுப்பாட்டையும் கடைப்பிடித்தவர்களுக்கு, சர்க்கரை நோய் வரும் அபாயம் 28 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஸ்ரீரங்கத்து வீட்டில் செருப்பு ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் கிடப்பது வெறும் ஷூ அல்ல.

மூட் அல்ல, நோய் என்றால்...

எல்லாச் சோர்வையும் நடந்து விரட்டிவிட முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் கனமாகவே இருந்தால், முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனால், தூக்கமும் பசியும் தாறுமாறானால், ‘இருந்து என்ன பயன்?’ என்ற எண்ணம் வந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நடைக்குக் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்ப்பதே சரி. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும்கூட ‘மூட் இல்லை, உடம்பு முடியலை’ என்ற வேஷத்தில் வரும். குறிப்பாகப் பெண்கள், தொடர்ந்து களைப்பு இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. நடக்கும்போது நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள், எப்போது சாப்பிட்டு எப்போது நடப்பது என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பூக்கடை வரைக்கும்

முதல் நாள் பூக்கடை வரை போய்த் திரும்பினார்கள். மொத்தம் 12 நிமிடம். இரண்டாம் நாளும் போனார்கள். மூன்றாம் நாள் மழை. நான்காம் நாள் அம்மாவுக்கு எழவே மனமில்லை, போகவில்லை. “அவ்வளவுதான், விட்டாச்சு” என்று கணவர் ஆரம்பித்தபோது மகள் கையமர்த்தினாள்.

அவள் செய்தது சரி. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம், ஒரு புதுப் பழக்கம் படிய எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. நடுவாகச் சொன்னால் 66 நாள். இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை. தவறிய நாளைவிட, அதற்கு மறுநாள்தான் முக்கியம்.

மறுநாள் போனார்கள். இரண்டாவது வாரம் பூக்கடையைத் தாண்டி அடுத்த தெருமுனை வரை போனார்கள். வழியில் பள்ளியில் உடன் வேலை பார்க்கும் ஒருவர், “என்ன டீச்சரம்மா, வாக்கிங்கா? நானும் வரட்டுமா?” என்று சேர்ந்துகொண்டார். மகளுக்குப் பரீட்சை வந்தபோது அவர்கள் இருவருமாகப் போனார்கள். கணவரும் சில நாள் வந்தார். இப்போது இருபதடி முன்னால் போவதில்லை. மனைவியின் வேகத்துக்குத் தன் கால்களைப் பழக்கிக்கொண்டிருக்கிறார்.

அம்மாவின் துக்கம் தீர்ந்துவிட்டதா? இல்லை. ஐந்தரை மணிக்கு இன்னும் விழிப்பு வருகிறது. ஆனால் ஒருநாள் மாலை நடந்துகொண்டிருக்கும்போது, லால்குடி ஆத்தா வாசல் தெளிக்கிற அழகைப் பற்றி மகளிடம் அவர் பேச ஆரம்பித்தார். சித்திரை வீதி ஒரு சுற்று முடிந்தது இருவருக்குமே தெரியவில்லை.

நேற்றும் கணவர் கேட்டார்: “என்ன, இன்னிக்கு மூட் எப்படி?”

“மூட் எல்லாம் இல்லங்க. போயிட்டு வந்துடறேன்” என்று ஷூவின் நாடாவைக் கட்டினார் அவர்.

இந்த வாரம் செய்து பார்க்க...

* நடக்கும் நாள், நேரம், இடம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி, கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். காலண்டர் பக்கத்தில், ஃப்ரிட்ஜ் கதவில், எங்கு வேண்டுமானாலும்.

* மூட் இல்லாத நாளுக்கென்று தனியாக ஒரு குறைந்த அளவு வைத்துக்கொள்ளலாம். ‘தெருமுனை வரை’ அல்லது ‘ஐந்து நிமிடம்’. அதற்கு மேல் போவது அன்றைய விருப்பம்.

* கிளம்பும் முன் மனநிலைக்கு 10-க்கு ஒரு மதிப்பெண். திரும்பி வந்ததும் இன்னொரு மதிப்பெண். ஒரு வாரம் குறித்துவந்தால், மனம் போடும் தப்புக் கணக்கு கண்முன்னே தெரியும்.

* வீட்டில் ஒருவர் ‘மூட் இல்லை’ என்றால், திட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: “எப்பலேர்ந்து இப்படி இருக்கு?”

* “நீ போய் நடந்துட்டு வா” என்பதைவிட “வா, சேர்ந்து போலாம்” என்பதற்குப் பலன் அதிகம்.